தாய்வீட்டுப் பாட்டும் மரத்துக்கு ஒரு துதியும்

வெள்ளவத்தையில் ஒரு சின்ன மண்டபம். போயா விடுமுறை. இருபத்தைந்து பேரளவில் கூடியிருந்த கவியரங்கு. நாலாவதாக எழுந்தவள் உயர்தரம் படிக்கும் பிள்ளை. சிங்கராஜ வனத்தைப் பற்றி எழுதி வந்திருந்தாள். நடுக்கமில்லாமல், சொல்லுக்குச் சொல் அழுத்தம் கொடுத்து வாசித்தாள். கைதட்டல் ஓய்ந்ததும் முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "பிள்ளை, அந்தக் காட்டுக்கு ஒருக்காலாவது போயிருக்கிறீங்களோ?" கடிந்துகொள்ளும் தொனி அதில் இல்லை. "இல்லை ஐயா" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்தார்.

அந்தக் கேள்வி அன்று இரவு பஸ்ஸில் கொட்டாஞ்சேனை வரை என்னோடு வந்தது. காட்டைக் காணாதவருக்குக் காட்டைப் பாட உரிமை உண்டா? பாடினால் ஒரு மரமாவது பிழைக்குமா? விடை தேடிப் போனபோது இரண்டு போராட்டங்கள் அருகருகே வந்து நின்றன. ஒன்று, இமயத்தின் கர்வால் மலைகளில் 1973இல் எழுந்த சிப்கோ. மற்றது, கேரளத்தின் பாலக்காட்டு மலைக்காட்டை அணைக்கட்டிலிருந்து மீட்ட அமைதிப் பள்ளத்தாக்குப் போராட்டம். ஏறத்தாழ ஒரே பத்தாண்டு, ஒரே நாடு, இரண்டிலும் ஆயுதம் இல்லை. இரண்டையும் பாட்டுத்தான் ஊர் ஊராகக் கொண்டுபோனது. ஆனால் அந்த இரண்டு பாட்டும் ஒரு வயிற்றில் பிறந்தவை அல்ல.

கர்வாலில் மக்கள் முதலில் கேட்டது மிகச் சிறிய ஒன்று. கோபேசுவரில் சண்டி பிரசாத் பட் 1964இல் தொடங்கிய தசோலி கிராம சுயராச்சிய சங்கம், உழவுக் கருவிகள் செய்யப் பத்து மரம் கேட்டது. இலேசான, உறுதியான மரம் அது. மலைக்காரர் அதை 'அங்கூ' என்பார்கள். வனத்துறை மறுத்துவிட்டது. அதே காட்டில் 300 மரங்களை வெட்டிக்கொள்ள அலகாபாத்தின் விளையாட்டுப் பொருள் நிறுவனம் ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. ஏருக்கு இல்லாத மரம் மட்டைக்கு இருந்தது. 1973 ஏப்ரலில், மண்டல் என்ற ஊரின் காட்டுக்கு வெட்டுவோர் வந்தபோது ஊரார் மேளம் அடித்துப் பாடிக்கொண்டு எதிரே நடந்தார்கள். மரத்தைக் கட்டிக்கொள்வோம் என்றார்கள். வந்தவர்கள் வெட்டாமலே திரும்பினார்கள்.

'சிப்கோ' என்றால் ஒட்டிக்கொள், கட்டிக்கொள். அந்த ஒரு சொல் மலையெங்கும் பரவியதில் கன்ஷியாம் ரத்தூரி என்ற நாட்டுப்பாடகருக்குப் பெரும் பங்கு உண்டு. 'சைலானி' என்பது அவர் புனைபெயர். ஊர்சுற்றி என்று பொருள். பெயருக்கேற்றபடி பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகச் சுற்றிக் கர்வாலி மொழியில் பாடினார். அச்சுக்கூடம் எட்டாத ஊர்களுக்குத் துண்டறிக்கை போகவில்லை. அவர் பாட்டுப் போனது. ஒருமுறை கேட்டவள் புல்லறுக்கும்போது பாடுவாள். அதைக் கேட்ட இன்னொருத்தி அடுத்த மலைக்குக் கொண்டுபோவாள்.

ஓராண்டு கழித்து, 1974 மார்ச் 26. அலக்நந்தாவின் மேற்பகுதியிலுள்ள ரேணி. அந்த ஊர்க்காட்டில் 2,451 மரங்கள் ஏலம் போயிருந்தன. 1962 இந்திய-சீனப் போரின்போது எடுத்த நிலத்துக்கு இழப்பீடு தருவதாகச் சொல்லி ஆண்களைச் சமோலிக்கு அழைத்திருந்த நாள் அது. ஊரில் பெண்களும் பிள்ளைகளும்தான். ஆட்கள் காட்டை நோக்கிப் போகிறார்கள் என்று ஒரு சிறுமி ஓடிவந்து சொல்ல, மகளிர் சங்கத் தலைவி கௌரா தேவி 27 பேரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். ஐம்பதை எட்டாத கைம்பெண், எழுதப் படிக்கத் தெரியாதவர். வெட்ட வந்தவர்களிடம் அவர் சொன்ன செய்தி இன்றுவரை அந்த மலையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது: இந்தக் காடு எங்கள் தாய்வீடு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இதைப் பேச்சு வேகத்தில் வந்த உவமை என்று கடந்துபோவோர் உண்டு. கர்வாலில் 'குதேட்' என்றொரு பாட்டு வகை இருக்கிறது. கட்டிக்கொடுத்த பெண் மாமியார் வீட்டின் மேட்டிலிருந்து தாய்வீட்டுத் திசையைப் பார்த்து ஏங்கிப் பாடுவது. அண்ணன் வரமாட்டானா, அம்மா ஆள் அனுப்பமாட்டாளா, அந்த மலை மட்டும் தாழ்ந்தால் ஊர் தெரியாதா என்ற ஏக்கமே அதன் உயிர். விறகுக்கும் புல்லுக்கும் காட்டுக்குப் போகும் சில மணி நேரந்தான் அந்தப் பெண்ணுக்கு மாமியார் கண் படாத நேரம். அங்கேதான் அவள் அழுவாள், சிரிப்பாள், பாடுவாள். ஆகவே கௌரா தேவி 'தாய்வீடு' என்றதும் அங்கே நின்ற ஒவ்வொரு பெண்ணின் தொண்டையிலும் ஏற்கெனவே இருந்த பாட்டு விழித்துக்கொண்டது. போராட்டத்துக்கென்று புதிதாகப் பாட்டுக் கட்ட வேண்டியிருக்கவில்லை. பழைய ஏக்கத்துக்குப் புதிய முகவரி கிடைத்தது.

நமக்கும் இது அந்நியம் இல்லை. நற்றிணையின் 172ஆம் பாட்டில் ஒரு புன்னை நிற்கிறது. தோழியர் விளையாட்டாய் நட்ட விதை. பாலும் நெய்யும் விட்டு வளர்த்தது. தாய் அதை மகளுக்குத் தமக்கை என்று சொல்லிவிட்டாள். தமக்கையின் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச அந்தப் பெண்ணுக்கு வெட்கமாயிருக்கிறது. மரத்தை உறவாக்கிப் பேசுவது இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே நம் பெண்களின் வாயில் இருந்ததுதான்.

சிப்கோவின் கலை மேடையேறிய கலையன்று. 1977இன் கடைசியில் அத்வானி என்ற ஊரில் வெட்டுக்கு நாள் குறித்தபோது, பெண்கள் மரங்களுக்கு இராக்கிக் கயிறு கட்டிச் சகோதரர் ஆக்கினார்கள். மரத்தடியில் பாகவதம் வாசிக்கச் செய்தார்கள். பச்னி தேவி என்ற பெண்ணின் தலைமையில் பட்டப்பகலில் எரியும் அரிக்கன் விளக்கை ஏந்திக்கொண்டு வன அதிகாரி முன் போனார்கள். வெயிலில் விளக்கு எதற்கு என்று அவர் கேட்டார். காடு என்றால் என்ன என்று உங்களுக்குக் காட்டத்தான் என்று பதில் வந்தது. காடு எதைச் சுமக்கிறது என்று அதிகாரிக்குப் பாடம் சொல்லும் முழக்கமும் அங்கேதான் புகழ்பெற்றது. பிசினும் பலகையும் வெளிநாட்டுக் காசும் என்பது அவர் கணக்கு. மண்ணும் நீரும் காற்றும் என்பது இவர்கள் கணக்கு. அந்த விளக்கை நான் பல நாள் நினைத்திருக்கிறேன். எந்த நாடகாசிரியரும் அதைவிடச் சுருக்கமாக ஒரு காட்சி எழுதியிருக்க முடியாது.

இனிக் கேரளம். குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி 120 மெகாவாற் மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு 1973இல் இந்தியத் திட்டக்குழு அனுமதி கொடுத்தது. நீருக்குள் போகவிருந்தது 830 ஹெக்டேயர் மழைக்காடு. சிங்கவால் குரங்கின் கடைசிப் புகலிடங்களில் ஒன்று. கர்வாலுக்கும் இதற்கும் உள்ள முதல் வேறுபாடு இங்கேயே தொடங்குகிறது: அந்தப் பள்ளத்தாக்கின் நடுப்பகுதியில் ஊர் கிடையாது. புல்லறுக்கப் போகும் பெண் இல்லை, தாய்வீடு என்று சொல்ல ஒரு கௌரா தேவி இல்லை. பேச ஆளில்லாத காடு அது. அந்தக் காட்டுக்காகப் பேசுவதென்றால் வெளியிலிருந்துதான் யாரும் வர வேண்டும்.

வந்தவர்கள் இரு சாரார். கேரள சாத்திர சாகித்திய பரிசத்தின் ஆசிரியர்களும் அறிவியலாளரும் ஒரு புறம். எம்.கே. பிரசாத் என்ற தாவரவியல் பேராசிரியர் அவர்களில் முன்னின்றவர். அழியப்போகும் காட்டின் கணக்கையும், மின்சாரத்தை வேறு எப்படி எடுக்கலாம் என்ற கணக்கையும் அவர்கள் எழுதினார்கள். மறுபுறம் கவிஞர்கள். சுகதகுமாரி, ஓ.என்.வி. குறுப்பு, அய்யப்பப் பணிக்கர், வைலோப்பிள்ளி, கடம்மனிட்ட இராமகிருஷ்ணன், விஷ்ணுநாராயணன் நம்பூதிரி என்று மலையாளக் கவிதையின் முதல் வரிசையே கிளம்பி வந்தது. இயற்கைப் பாதுகாப்புச் சமிதி உருவானது. அதன் செயலாளராகச் சுகதகுமாரி ஓடியாடினார். கல்லூரிகளிலும் வாசிகசாலைகளிலும் தெருச்சந்திகளிலும் கவியரங்குகள் நடந்தன. அவருடைய 'மரத்தினு ஸ்துதி' (மரத்துக்குத் துதி) பெரும்பாலான கூட்டங்களில் கடவுள் வாழ்த்தின் இடத்தைப் பிடித்தது. அய்யப்பப் பணிக்கரோ பிள்ளைகளைப் பார்த்துக் காடு எங்கே என்று கேட்பதையே ஒரு கவிதையின் தலைப்பாக வைத்தார்.

மலையாளத்தில் கவிதையை வாசிப்பதில்லை, 'சொல்லுவார்கள்'. சொல்லுவது என்றால் இராகத்தோடு, நெஞ்சிலிருந்து, தாளை அதிகம் பாராமல். கடம்மனிட்டயின் குரலைக் கேட்கவே கூட்டம் கூடும். நம் கவியரங்குகளில் முழக்கம் கூடுதல், இராகம் குறைவு. இது குறையா நிறையா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் ஒரு மண்டபத்தில் இருநூறு பேரைக் காட்டுக்குள் கூட்டிப்போக இராகத்தால் முடிந்தது என்பதைக் கேரளத்தில் கண்டவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்த இருநூறு பேரில் பெரும்பாலோர் அந்தப் பள்ளத்தாக்கை வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை. திருவனந்தபுரத்திலிருந்து அது முந்நூறு கிலோமீற்றருக்கு மேல்.

எதிராளியும் வேறு. கர்வாலில் கோடரியோடு வந்தவனை முகத்துக்கு முகம் பார்க்கலாம்; அவனுக்கும் மரத்துக்கும் நடுவே உடம்பை வைக்கலாம். கேரளத்தில் எதிரே இருந்தது ஒரு கோப்பு. திட்டக்குழுவிலிருந்து மின்சாரச் சபைக்கும் அங்கிருந்து தில்லிக்கும் போய்வந்த கோப்பு. கோப்பைக் கட்டிக்கொள்ள முடியாது. ஆகவே சொல்தான் கோப்புப் போகும் இடமெல்லாம் போக வேண்டியிருந்தது: பத்திரிகைக்கு, சட்டசபை வாசலுக்கு, நீதிமன்றத்துக்கு, கடைசியில் பிரதமரின் மேசைக்கு. 1979இல் வேளாண் அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதன் அந்தக் காட்டை நேரில் பார்த்து, அதைப் பாதுகாக்கப்பட்ட உயிர்க்கோளக் காடாக்கும்படி எழுதினார். பிறகு திட்டத்தை ஆராய எம்.ஜி.கே. மேனன் குழு. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் தேசியப் பூங்கா அறிவிப்பு. 1985 செப்டெம்பர் 7இல் ராஜீவ் காந்தி அதைத் திறந்துவைத்தார்.

கவிதைதான் காட்டைக் காத்தது என்று மேடையில் சொல்வது இனிக்கும். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பரிசத்தின் அறிக்கை இல்லாவிட்டால் அந்தக் கவிதைகள் இறந்துபோகும் ஒன்றுக்கான ஒப்பாரியாய் நின்றிருக்கும். கவிதை இல்லாவிட்டால் அறிக்கை அலுமாரிக்குள் தூங்கியிருக்கும். 1980இல் பரிசத்து தொடங்கிய அறிவியல் கலைப்பயணம் இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றியது. பாட்டும் தெருநாடகமும் தெரிந்த ஒரு குழு ஊர் ஊராய் இறங்கி, கணக்கைக் கூத்தாக்கிக் காட்டியது. என் பார்வையில் கேரளம் கண்டுபிடித்தது இந்த இணைப்பைத்தான். கர்வாலில் இந்த இணைப்புக்குத் தேவையே இருக்கவில்லை. அங்கே அறிவும் பாட்டும் ஒரே பெண்ணின் வாயில் இருந்தன. எந்த மரம் ஊற்றைப் பிடித்து வைக்கும், எந்தச் சரிவு வெட்டினால் இறங்கும் என்பதை அவள் படிக்கப் போகவில்லை. 1970 ஜூலையில் அலக்நந்தா பெருக்கெடுத்து ஊர்களை வாரிக்கொண்டு போனதை அவள் கண்ணால் கண்டவள்.

பாட்டின் உடலமைப்பிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். சிப்கோப் பாட்டு ஏற்றத்தில் நடந்துகொண்டு பாடுவதற்கானது. ஒருத்தி எடுப்பாள், மற்றவர்கள் ஏற்பார்கள். அடி குட்டையாயிருக்கும், மூச்சு முட்டாது. யாரும் ஒரு அடி சேர்க்கலாம், எவரும் உரிமை கோருவதில்லை. சைலானியின் பெயர் மறந்த ஊர்களிலும் அவர் பாட்டு இருந்தது. கேரளத்துக் கவிதைக்குக் கையொப்பம் உண்டு. சுகதகுமாரி எழுதியது சுகதகுமாரியுடையதே. அந்தப் பெயரின் கனம்தான் பத்திரிகைப் பக்கத்தைத் திறந்தது, அமைச்சரைப் பதில் சொல்ல வைத்தது. அதே கனம் அவர் மேல் கல்லாகவும் விழுந்தது.

'மரக்கவிகள்' என்று அவர்களைப் பரிகசித்தார்கள். மலையாளத்திலும் தமிழிலும் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் வரும்; இரண்டாவது பொருள்தான் பரிகசித்தவர்களுக்கு வேண்டியிருந்தது. ஆனால் அந்த ஏளனத்துக்குப் பின்னால் இருந்த கேள்வியை ஏளனம் என்று தள்ளிவிடக் கூடாது. மலபார் இருட்டில் கிடந்தது. தொழிற்சாலை இல்லை, வேலை இல்லை. அணை வந்தால் மின்சாரமும் தொழிலும் வரும் என்று நம்பிய பாலக்காட்டு, மண்ணார்க்காட்டு மக்கள் திட்டத்துக்கு ஆதரவாக ஊர்வலம் போனார்கள். தலைநகரில் மின்விளக்கின் கீழ் கவிதை எழுதுகிறவர் எங்கள் விளக்கை ஏன் தடுக்கிறார் என்பது அவர்கள் கேள்வி. கவிதைக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. மாற்று மின்சாரத்தைக் கணக்கிட்ட அறிக்கைதான் பதில் சொன்னது, அதுவும் பாதி.

போராட்டம் முடிந்த பிறகு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது படம் தலைகீழாகிறது. எனக்கு மிகவும் வலித்த பகுதி இது.

சிப்கோ வென்றது. 1980இல் இந்திரா காந்தி அரசு இமயத்தின் உயர்மலைக் காடுகளில் வணிக வெட்டுக்கு 15 ஆண்டுத் தடை கொண்டுவந்தது. சிப்கோத் தொண்டர் சுந்தர்லால் பகுகுணா காசுமீரிலிருந்து கொகிமா வரை ஏறத்தாழ 4,800 கிலோமீற்றர் நடந்தார். உலகம் அந்தப் பெண்களின் படத்தைச் சுவரில் மாட்டியது. ஆனால் பாட்டு மலையிறங்கித் தில்லிக்குப் போன வழியில் ஒன்று கழன்று விழுந்துவிட்டது. மண், நீர், காற்று போய்ச் சேர்ந்தன. ஏருக்குக் கேட்ட அந்தப் பத்து மரம் போய்ச் சேரவில்லை. காட்டின் மேல் ஊருக்குள்ள உரிமைதான் தொடக்கக் கோரிக்கை. வந்ததோ ஊராரையும் சேர்த்து வெளியே நிறுத்திய சட்டம். தெருப்பாதை போடவும் தண்ணீர்க் குழாய் இழுக்கவும் அந்தச் சட்டம் குறுக்கே நின்றபோது, 1980களின் இறுதியில் அதே உத்தராகண்ட மலைகளில் 'மரத்தை வெட்டு' என்றே ஒரு போராட்டம் எழுந்தது. மரத்தைக் கட்டிக்கொண்ட மண்ணில் மரத்தை வெட்டிக் காட்டும் எதிர்ப்பு. மலை மக்கள் மனம் மாறியதாக நான் இதை வாசிக்கவில்லை. அவர்கள் பாட்டை மற்றவர்கள் பாதியாகக் கேட்டிருந்தார்கள். கௌரா தேவி 1991இல் வறுமையில் காலமானார். 2021 பெப்ரவரி 7இல் ரிஷிகங்கையில் வந்த வெள்ளம் ரேணிக்குக் கீழே இருந்த நீர்மின் நிலையத்தை அடித்துக்கொண்டு போனது. ஊர் மக்கள் இரவில் மலைமேல் ஏறிக் கிடந்தார்கள்.

கேரளத்திலோ வெளியிலிருந்து வந்தவர் திரும்பிப் போகவில்லை. அமைதிப் பள்ளத்தாக்கின் நுழைவாயில் அட்டப்பாடியில் இருக்கிறது. இருளரும் முடுகரும் குறும்பரும் வாழும் பகுதி. கோயம்புத்தூர் எல்லையை ஒட்டியதால் தமிழும் அங்கே பேசப்படும். ஆலைக்கும் குடியேற்றத்துக்கும் மரத்தைப் பறிகொடுத்து மொட்டையாகிப்போன மலைகள். சுகதகுமாரி அங்கே ஒரு வறண்ட குன்றை எடுத்து, உள்ளூர் மக்களோடு சேர்ந்து மரம் நட்டு 'கிருஷ்ணவனம்' ஆக்கினார். சில ஆண்டுகளில் காய்ந்த ஊற்று மறுபடி கசிந்தது. 2020 டிசம்பரில் அவர் இறக்கும்வரை மரத்துக்கான வழக்கும் மனிதருக்கான வழக்கும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன. 1985இல் தொடங்கிய 'அபய' என்ற இல்லம் மனநோயாளருக்கும் ஆதரவற்ற பெண்களுக்குமானது. துதி பாடியவர் துதித்த திசைக்கு நடந்துபோய் அங்கேயே வேலை செய்தார். அந்தப் பெரியவரின் கேள்விக்குச் சுகதகுமாரி சொன்ன பதில் இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். காணாமல் எழுதலாம், எழுதியபின் போகாமலிருக்க முடியாது.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். சிங்கராஜ வனத்தில் 1971 முதல் 1977 வரை பிளைவூட் செய்ய இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டினார்கள். அதை நிறுத்தியதில் வனசீவராசிகள் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்துக்கும், அதன் தலைவராயிருந்த திலோ ஹொஃப்மன் என்ற சுவிஸ்காரருக்கும் பெரும் பங்கு உண்டு. 1978இல் உயிர்க்கோளக் காப்பகம், 1988இல் உலக மரபுரிமை. பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதிய கடிதங்களாலும் அறிக்கைகளாலும் வென்ற போராட்டம் அது. அந்த ஆண்டுகளில் தமிழ்க் கவியரங்குகள் இங்கே கொடிகட்டிப் பறந்தன. மகாகவியும் முருகையனும் நம் கவியரங்கை எவ்வளவோ உயரத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஆனால் இரத்தினபுரிக்கு அப்பால் சாய்ந்துகொண்டிருந்த மரங்கள் நம் மேடையின் பேசுபொருளாகவில்லை. அவர்களைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. வீடும் மொழியும் கல்வியும் பறிபோகும் பயத்தில் இருந்த மக்களின் கவிதை முதலில் அவற்றையே பாடும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தத் தீவில் காட்டோடு மிக நெருங்கிப் புழங்கிய தமிழர் மலையக மக்கள். அவர்கள் காட்டைக் காக்க வந்தவர்கள் இல்லை. தோட்ட வேலைக்கென்று 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டவர்கள். கோப்பிக்காக மலைமலையாய் வெட்டிச் சாய்த்ததில் கோடரி பிடித்த கைகளில் அவர்கள் கையும் உண்டு, ஆணை வேறொருவருடையது. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டுப் பாடல்களை வாசிக்கும்போது அந்தக் கையின் வலி கேட்கிறது. கர்வாலின் தாய்வீட்டு ஏக்கமும் அங்கே உண்டு. ஆனால் அந்தத் தாய்வீடு கடலுக்கு அப்பால் இருந்தது, காட்டுக்குள் இல்லை. நம்மிடம் காட்டுப் பாட்டு இல்லை என்று சொல்பவர்கள் இந்தப் பாடல்களை மறந்துவிடுகிறார்கள். வெட்ட வைக்கப்பட்டவரின் பாட்டும் காட்டின் பாட்டுத்தான். ஒரு காட்டுப் போராட்டத்தை நாளை நாம் தமிழில் நடத்துவதானால், கடவுள் வாழ்த்துக்கு நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

2020 ஓகஸ்டில் லங்காகமப் பாதை விவகாரம் வந்தது. சிங்கராஜ விளிம்பினூடாகப் பாதை அகலமாக்கப்படுகிறது என்றதும் கொழும்பு கொதித்தது. படங்கள், ஓவியங்கள், பாடல்கள், கைபேசிக்குக் கைபேசி. ஆனால் லங்காகம மக்கள் அந்தப் பாதையைப் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். நோயாளியைக் கொண்டுபோக, கித்துள் கருப்பட்டியையும் தேயிலைக் கொழுந்தையும் இறக்க அவர்களுக்கு வழி வேண்டும். மண்ணார்க்காட்டின் கேள்வி மறுபடி எழுந்து நம் முன் நின்றது. அதற்கடுத்த மார்ச்சில், தொலைக்காட்சியின் வினாவிடைப் போட்டி ஒன்றில் 19 வயதுப் பெண் ஒருத்தி சிங்கராஜ ஓரத்தில் காடு அழிவதைப் பற்றி ஓரிரு நிமிடம் பேசினாள். அதிகாரிகள் அவள் வீடு தேடிப் போனார்கள், நாடு கொந்தளித்தது. கவிதையும் இல்லை, இராகமும் இல்லை. காட்டின் பக்கத்து வீட்டுக்காரி பேசினாள் என்பதே அவள் சொல்லுக்குப் போதுமான கனமாயிருந்தது. கௌரா தேவியின் வழி அது. கொழும்பிலிருந்து எழுதுகிற நமக்குச் சுகதகுமாரியின் வழிதான் உண்டு.

அந்த வழிக்கு நமக்கு இடமில்லாமலில்லை. வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் மண்டபம் இருக்கிறது. போயா தினங்களில் கவியரங்கை விடாமல் நடத்திவந்த வலம்புரி கவிதா வட்டத்தை நாமறிவோம். டொமினிக் ஜீவா மல்லிகை இதழைக் கொழும்பு 13இன் ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து கொண்டுவந்த காலம் மறக்கவில்லை. நம்மிடம் குறைவது பரிசத்துப் போன்ற துணைதான். தாவரவியல் படித்தவரும் நீர்வழங்கல் அறிந்தவரும் கவிஞரோடு ஒரே மேடையில் ஏற வேண்டும். வெள்ளவத்தை அடுக்குமாடியில் குழாயைத் திறக்கும் வீட்டுக்காரிக்கு லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களைப் பற்றி யார் சொல்லியிருக்கிறார்கள்? இந்த நகரத்துக்கு 1880களில் முதன்முதல் குழாய்நீர் வந்தது லபுகமவிலிருந்து. சுற்றிலும் மழைக்காட்டைக் காவலாக வைத்துக் கட்டிய நீர்த்தேக்கம் அது. காட்டைக் காணாதவர் என்று நம்மை நாமே சொல்லிக்கொள்கிறோம். காலையில் முகம் கழுவுவது அந்தக் காட்டில்.

இதையெல்லாம் அந்தப் பிள்ளையிடம் அடுத்த சந்திப்பில் சொன்னேன். அவள் அதற்கு முன்பே காட்டுக்குப் போய்வந்திருந்தாள். பெரியவரின் கேள்வி அவளையும் தூங்கவிடவில்லை போலும். தகப்பனோடு பஸ் ஏறிக் கலவான போய், குடாவ வாசலால் உள்ளே போயிருக்கிறாள். வழிகாட்டி ஹொர மரத்தைக் காட்டியிருக்கிறார், நா மரத்தைக் காட்டியிருக்கிறார். நீல வால் நீண்ட காட்டுக் காகம் ஒன்று மற்றப் பறவைக் கூட்டத்தோடு சேர்ந்து தலைக்கு மேலால் போயிருக்கிறது. திரும்பி வரும்போது கித்துள் இறக்கும் ஒருவர் வீட்டில் கருப்பட்டியும் வெறுந்தேநீரும் கொடுத்தார்களாம். அவர் வீட்டுக்குப் பின்னால் நின்ற பெருமரத்தின் பெயரை அவள் சிங்களத்தில் கேட்டாள். அவர் சொன்ன பெயர் அவளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. மறுபடி கேட்க வெட்கப்பட்டு வந்துவிட்டாள்.

பழைய கவிதையில் பாதியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தாள். கொப்பியை வாங்கிப் பார்த்தேன். மூன்றாவது பத்தியின் நடுவில் ஒரு சொல்லளவுக்கு இடம் வெறுமையாயிருந்தது. "அது அந்த மரத்தின்ரை பேர், மாமா," என்றாள். "அடுத்த போயாவுக்குப் போய்க் கேட்டு வந்து எழுதுவன்."